கிளிநொச்சியில் ஒரு சிங்கள வகுப்பு: தெரிந்த சொல்லில் இருந்து தொடங்குகிறார்கள்

கிளிநொச்சி டவுனில் ஏ9 வீதியோரம் ஒரு கடைக்கு மேல்மாடியில் சனி, ஞாயிறு பின்னேரங்களில் பெரியாட்களுக்கு என்று ஒரு சிங்கள வகுப்பு நடக்கிறது. பெயர்ப்பலகை இல்லை, விளம்பரம் இல்லை, ஒருவர் சொல்லி மற்றவர் வருகிற வகுப்பு. மாதம் 2,500 ரூபா. சிங்களம் பழக வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டு, ஆனால் அந்த எழுத்தைக் கண்டாலே மனம் பின்வாங்குகிற ஆட்கள் வன்னியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சேருங்கள். குறைகள் இருக்கின்றன, அவற்றையும் சொல்லத்தான் போகிறேன், ஆனால் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் இல்லை.

நான் ஹாட்வெயர் கடையில் வேலை செய்கிறேன். சாமான் இறக்க வருகிற லொறிகளில் முக்கால்வாசி குருநாகல், தம்புள்ளை, கொழும்புப் பக்கத்து லொறிகள். பில்லில் ஒரு பிழை, தகரத்தில் ஒரு நெளிவு என்றால் அந்த இடத்திலேயே கதைத்துத் தீர்க்க வேண்டும், முதலாளி இல்லாத நேரம் அது என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் சிங்களம் ஒரு பாடமாக இருந்ததுதான், ஆனால் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படித்த ஆட்களுக்கு அந்தப் பாடம் எப்படிப் போயிருக்கும் என்று நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிறகு வேறொரு ஊரில் ஒரு ரியூசனுக்கும் கொஞ்சக் காலம் போனேன். அங்கே முதல் நாளே எழுத்து, அதன் பிறகு எழுத்துச் சிங்களத்து இலக்கணம். சிங்களத்திலும் எழுதுகிற மொழி வேறு, பேசுகிற மொழி வேறு. 'நான் போகிறேன்' என்பதற்குப் புத்தகத்தில் 'மம யமி', வாயில் 'மம யனவா'. லொறிக்காரரிடம் போய் 'யமி' என்று சொல்ல முடியாது. அந்தக் காசும் நேரமும் போனதுதான்.

இந்த வகுப்பு அப்படித் தொடங்கவில்லை. ரீச்சர் ஓய்வுபெற்றவர், தமிழர், வவுனியாவில் சிங்களக் குடும்பங்களோடு அயலில் வளர்ந்தவர், இரண்டு மொழியும் அவருக்கு வாயில் ஒரே மாதிரி வரும். வந்த உடனே வெண்பலகையில் ஒன்றும் எழுதாமல், "உங்கட வீட்டில இருக்கிற சாமான்களைச் சொல்லுங்கோ" என்றார். மேசை, அலுமாரி, சன்னல், துவாய், கோப்பை, பெட்டி, கூடை என்று ஆளாளுக்குச் சொல்ல, அவர் ஒவ்வொன்றையும் எழுதி, பக்கத்தில் சிங்களத்தையும் தமிழ் எழுத்திலேயே எழுதினார். மேசய, அல்மாரிய, ஜனேலய, துவாய, கோப்பய, பெட்டிய, கூடய. கதிரை என்று ஒரு அக்கா சொன்னதும் நிறுத்தினார். அது மட்டும் பொருந்தாது, சிங்களத்தில் 'புட்டுவ' என்பார்கள் என்றார். பொருந்தாத சொல்லையும் முதல் நாளே காட்டியது எனக்குப் பிடித்தது, ஏனென்றால் எல்லாம் ஒன்றுதான் என்று ஆசை காட்டிப் பிறகு ஏமாற்றுகிற வேலை அதில் இல்லை.

அப்புறம் அந்தச் சொற்களை மூன்று கும்பலாகப் பிரித்தார். முதலாவது, கடல் கடந்து வந்தவை. மேசை, அலுமாரி, சன்னல், துவாய், சப்பாத்து, பாண் எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. அவர்கள் 1505 இல் இலங்கைக்கு வந்தார்கள், 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள், இரண்டு மொழிக்காரரும் ஒரே ஆட்களிடம் இருந்து ஒரே சாமானை வாங்கினார்கள், பெயரும் சேர்ந்து வந்தது. ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தை எடுத்த பிறகு வந்தவை கந்தோர், நொத்தாரிசு, போஞ்சி, கக்கூசு. அப்பப்பா காலத்து ஆட்கள் தபால் கந்தோர் என்பார்களே, சிங்களப் பேச்சில் இன்றைக்கும் தபாலும் கந்தோரும் சேர்ந்த அதே பெயர்தான். ஆனால் உருளைக்கிழங்குக்கு அவர்கள் ஒல்லாந்தர் சொல்லை எடுத்து 'அர்தாபல்' ஆக்கிக்கொண்டார்கள், நாங்கள் எடுக்கவில்லை.

இரண்டாவது கும்பல், தமிழில் இருந்து சிங்களத்துக்குப் போனவை. இதில் என் கடையே இருக்கிறது. கம்பிக்கு அங்கேயும் 'கம்பி'. தகரத்துக்கு 'டகரன்'. தகட்டுக்கு 'தஹடு'. கடைக்கு 'கடே'. கூலிக்கு 'குலிய'. பாலத்துக்கு 'பாலம'. முதலாளி என்ற சொல்லைக் கொழும்புப் புறக்கோட்டையில் எந்தச் சிங்களக் கடையில் கேட்டாலும் அப்படியே சொல்வார்கள். நாங்கள் சல்லிக்காசு என்று கடைசிச் சதத்துக்குச் சொன்ன சொல், அங்கே 'சல்லி' என்று மொத்தக் காசுக்கும் நிற்கிறது. இடம் என்ற சொல் 'இடம' என்று போய் காணியைக் குறிக்கிறது. காணிப் பிரச்சினையோடு அலைகிற சனம் இருக்கிற மாவட்டத்தில் ஒரு சிங்களக் கடிதத்தில் 'இடம்' என்று வாசிக்கக் கேட்டாலே இது காணி விசயம் என்று பிடிபடுவது சின்ன உதவி இல்லை. சீமெந்து 'சிமென்தி', தீந்தை 'தீன்த', பீப்பாய் 'பீப்பய', இவை ஐரோப்பியக் கும்பல் என்றாலும் கடைக்குள் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே தட்டில்தான் இருக்கின்றன. பில் போடுவதற்குத் தேவையான சாமான் பெயர்களில் பெரும்பகுதி எனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, தெரியும் என்று மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

மூன்றாவது கும்பல்தான் பெரியது. சமஸ்கிருதம், பாளி வழியாக இரண்டு மொழிக்குள்ளும் இருக்கிறவை. இங்கே ரீச்சர் ஒரு சூத்திரம் தருகிறார், இதற்கு மட்டுமே 2,500 ரூபா தகும். தமிழில் 'அம்' என்று முடிகிற வடசொல்லின் வாலை வெட்டிவிட்டு 'அய' போட்டுப் பாருங்கள். நகரம் நகரய, வாகனம் வாஹனய, மார்க்கம் மார்கய, ரோகம் ரோகய, தினம் தினய. மாசம் மாசய. அடுத்தது, எங்கள் 'ட்ச' அங்கே 'க்ஷ'. லட்சம் லக்ஷய, சாட்சி சாக்ஷி. ரட்சித்தல் தெரிந்தால் பாதுகாப்புக்கு அவர்கள் சொல்லும் 'ஆரக்ஷாவ' விளங்கும். பாடசாலை சுருங்கிச் சுருங்கி 'பாசல' ஆனது, கிராமம் தேய்ந்து 'கம' ஆனது. அரசாங்கப் படிவத்தை எடுத்தால் முதல் வரியில் 'நம', அது நாமம். கடைசி வரியில் 'தினய'. நடுவில் ஸ்திரீ, புருஷ. முகவரிக்கான 'லிப்பினய' லிபியோடு ஒட்டிய சொல். தொழிலுக்கு 'ரெக்கியாவ', கையொப்பத்துக்கு 'அத்சன', இவை இரண்டையும் பாடமாக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு முழுப் படிவத்தில் பாடமாக்க வேண்டியது இவ்வளவுதான் என்றால் படிவத்தைப் பார்த்துப் பயப்பட என்ன இருக்கிறது?

எண்களைச் சொல்லித்தந்த நாள்தான் இந்த வகுப்பின் சிறந்த நாள். எக, தெக, துன, ஹதர, பஹ, ஹய, ஹத, அட, நமய, தஹய. பத்தையும் எழுதிவிட்டு, "விரதம் பிடிக்கிற ஆக்கள் ஆர்?" என்று கேட்டார். வகுப்பில் வயது போன அம்மாமார் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் கை தூக்கினார்கள். திதிகளை வரிசையாகச் சொல்லச் சொன்னார். சதுர்த்தி, பஞ்சமி, சஷ்டி, சப்தமி, அட்டமி, நவமி, தசமி, ஏகாதசி என்று அவர்கள் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றையும் எண்ணுக்கு நேரே எழுதினார். அட்டமியில் அட இருக்கிறது, நவமியில் நமய இருக்கிறது, தசமியில் தஹய இருக்கிறது, ஏகாதசியில் எக. சிங்களத்தில் பழைய 'ச' பல இடங்களில் 'ஹ' ஆகிவிடும் என்று சொன்னதும் மிச்சமும் திறந்தது. சப்தமி ஹத, சஷ்டி ஹய, சதுர்த்தி ஹதர, தசமியின் சகரமும் அப்படித்தான் தஹய ஆனது. சந்திரனுக்கு 'ஹந்த' என்பதும் இதே கணக்கு. தெகவும் துனவும் மட்டும் துவிதியை, திருதியையில் கொஞ்சம் மறைந்துதான் கிடக்கின்றன. அன்றைக்கு வகுப்பில் முதலில் பத்து வரை சொன்னது ஓ.எல். படித்த பொடியன்கள் இல்லை, கந்தசஷ்டி பிடிக்கிற ஒரு அம்மா. பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒரு ஆளுக்கு, உனக்குள் இருக்கிற அறிவு இங்கே செல்லும் என்று காட்டிக் கொடுக்கிற பாடம் எத்தனை இடத்தில் நடக்கிறது?

ஒன்று சொல்ல வேண்டும், ரீச்சர் இதில் கவனமான ஆள். தமிழும் சிங்களமும் ஒரே தாய்க்குப் பிறந்தவை என்று அவர் சொல்லவில்லை. தமிழ் திராவிடக் குடும்பம், சிங்களம் ஹிந்தி, வங்காளம் இருக்கிற இந்தோ ஆரியக் குடும்பம், அதற்கு மிக நெருங்கிய சொந்தம் மாலைதீவின் திவேகி. மொழியியல் படித்தவர்கள் ஒரே மூலத்தில் இருந்து வழிவழியாக வந்த சொற்களைத்தான் இனச்சொல் என்பார்கள், கடன் வாங்கியதை அதில் சேர்க்க மாட்டார்கள். அந்தக் கணக்கில் சிங்களத்து நமவும் ஆங்கிலத்து நேமும் உண்மையான சொந்தக்காரர், எங்கள் நாமம் சமஸ்கிருதத்திடம் வாங்கியது. படிக்கிற ஆளுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தேவைப்படாது, ஞாபகத்தில் நின்றால் போதும். ஆனால் பாடம் நடத்துகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் ஒத்ததெல்லாம் சொந்தம் என்று கதை கட்டத் தொடங்கிவிடுவார்கள். இங்கே அது நடக்கவில்லை.

சொல்லில் குடும்பம் வேறு என்றாலும் வசன ஒழுங்கில் இரண்டு மொழியும் பக்கத்துப் பக்கத்து வளவு மாதிரி. 'டகரன் தஹயக் ஓனே' என்றால் 'தகரம் பத்து வேணும்', சொல்லுக்குச் சொல் அதே இடம். 'மட்ட ஓனே' எனக்கு வேணும். 'ஹெட்ட எனவா கியலா கிவ்வா', நாளைக்கு வாறன் எண்டு சொன்னான். அந்த 'எண்டு' இருக்கிற இடத்தில் 'கியலா' நிற்கிறது. ஆங்கிலம் படிக்கும்போது வசனத்தைத் தலைகீழாக அடுக்கிப் பட்ட பாடு இதில் இல்லை. பேச்சுச் சிங்களத்தில் நான், நீ, அவன், அவள் யாராக இருந்தாலும் வினைச்சொல்லின் வால் மாறாது, எல்லாருக்கும் 'யனவா' தான். தமிழில் போறன், போறாய், போறான் என்று மாற்றிப் பழகிய எங்களுக்கு அது சுலபம்.

பொருள் மாறிப் போன சொற்களுக்கு என்று ஒரு முழு வகுப்பு ஒதுக்குகிறார், அது அவசியம். மல்லி என்றால் அங்கே தம்பி. ஐயா என்றால் அண்ணன், ஆகவே மரியாதைக்கு நீங்கள் ஒரு சாரதியை ஐயா என்று கூப்பிட்டால் அவர் அதை உறவாக எடுத்துக்கொள்வார், அதில் பாதகம் இல்லை. பொடி என்றால் சின்னது. 'காரணய' என்றால் விசயம், நாங்கள் சொல்கிற காரணத்துக்கு 'ஹேதுவ'. பரீட்சைக்கு 'விபாகய'. எல்லாவற்றிலும் ஆபத்தானது அவசரம். அதே சமஸ்கிருதச் சொல்தான், ஆனால் சிங்களத்தில் 'அவசர' என்றால் அனுமதி. ஆஸ்பத்திரியில் ஒருவர் பதறிக்கொண்டு அவசரம், அவசரம் என்றால் கேட்கிற தாதிக்கு அவர் ஏதோ அனுமதி கேட்கிறார் என்றுதான் படும். அங்கே சொல்ல வேண்டியது 'ஹதிசி'. அனுராதபுரத்துக்கோ மகரகமவுக்கோ ஆளைக் கொண்டுபோகிற குடும்பங்கள் இந்த ஒரு சொல்லையாவது பாடமாக்கி வைத்திருங்கள்.

சரி, குறைகளுக்கு வருவோம்.

முதல் குறை, வகுப்பில் தருகிற தாளில் சிங்களம் முழுக்கத் தமிழ் எழுத்தில் இருக்கிறது. பயம் போவதற்கு முதல் மாதம் அது உதவும், அதற்குப் பிறகு அது இடைஞ்சல். தமிழில் ஒரே 'ப', பாலுக்கும் அதுதான், பஸ்ஸுக்கும் அதுதான். ஒரே 'க', கடைக்கும் அதுதான், கேற்றுக்கும் அதுதான். சிங்களத்தில் அவை வேறு வேறு எழுத்து, வேறு வேறு சொல். கிராமம் என்ற 'கம'வை கேற்றின் ககரத்தில் சொல்ல வேண்டும், கடையின் ககரத்தில் சொன்னால் வேறு சொல்லாகிவிடும். அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில் ஒரு உயிர் இருக்கிறது, பாங்க் என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது வருகிற அந்தச் சத்தம். தமிழில் அதற்கு எழுத்தே இல்லை. இதைத் தாளில் பார்த்துப் படித்துவிட்டு வீட்டில் போய்ப் பழகினால் பிழையான உச்சரிப்பு இறுகிவிடும். எழுத்தை மூன்றாம் மாதத்தில்தான் தொடுகிறார், இரண்டாம் மாதத்திலேயே தொட்டிருக்கலாம். இரண்டு எழுத்தும் பிராமியில் இருந்து வந்தவைதானே, மெய்யெழுத்தோடு உயிரைச் சேர்க்கக் குறி போடுகிற முறையே ஒன்று.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிய குறை. தெரிந்த சொல்லில் இருந்து தொடங்குகிற இந்த வழி பெயர்ச்சொல்லை அள்ளித் தருகிறது, வினைச்சொல்லில் கையை விரிக்கிறது. போ, வா, தா, எடு, சாப்பிடு எல்லாம் தமிழில் சுத்தத் தமிழ், அவர்களுக்கு வேறு. சிலதற்கு ரீச்சர் வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார். 'கரனவா' செய்வது, காரியத்தை நினை. 'தெனவா' கொடுப்பது, தானத்தை நினை. 'யனவா' போவது, யாத்திரையை நினை. அருமையாக இருக்கிறது, ஆனால் அதோடு நிற்கிறது. இறந்தகாலம் வந்தால் யனவா 'கியா' ஆகிறது, எனவா 'ஆவா' ஆகிறது, தெனவா 'துன்னா' ஆகிறது. இதற்குச் சூத்திரம் உதவாது, திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்க வேண்டும், அந்தப் பயிற்சி வகுப்பில் போதாது. சாமான் வந்ததா, காசு கொடுத்தாயா, எப்போது போனான் என்பதுதான் கடையில் நாள் முழுக்கக் கேட்கிற கேள்வி. பெயர்ச்சொல்லை வைத்துக்கொண்டு விரல் நீட்டிப் பாதி வேலை நடக்கும், மீதிக்கு வினை வேண்டும்.

மூன்றாவது, கேட்டுப் பழகுவது. ரீச்சர் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார், வெளியில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. வட்ஸ்அப் குழுவில் குரல் பதிவுகள் போடுகிறார், அவையும் அவருடைய குரல்தான். மாதத்தில் ஒரு நாளாவது சிங்களம் தாய்மொழியான ஒருவரை வகுப்புக்குக் கூட்டிவந்து கதைக்க விட்டால் நன்றாக இருக்கும். நேரிலும் சொன்னேன், யோசிப்பதாகச் சொன்னார். மேல்மாடி என்பதால் பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருப்பது கஷ்டம், இரண்டு காற்றாடிதான். தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கள்.

இன்னொரு விசயத்தையும் எழுதாமல் விட மனமில்லை. இந்த ஊரில் சிங்களம் படிப்பது வெறும் மொழி படிப்பது இல்லை. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, சிங்களம் படித்துப் பாஸ் பண்ணினால்தான் உத்தியோகத்தில் நிலைக்கலாம் என்று வந்த நெருக்குதலை எங்கள் தாத்தாமார் அனுபவித்தார்கள். 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆனது, ஆனால் இன்றைக்கும் தனிச் சிங்களத்தில் கடிதம் வந்து, அதை வாசிப்பிக்க ஆள் தேடி அலைகிற வீடுகள் இருக்கின்றன. எனக்கும் வந்திருக்கிறது. தமிழில் கடிதம் கேட்பது எங்கள் உரிமை, சிங்களம் தெரிந்துவிட்டது என்பதற்காக அதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. இதையும் ரீச்சர் வகுப்பில் வைத்தே சொன்னார். எங்களில் பலருக்கு இந்த மொழி சோதனைச்சாவடியில் கேட்ட மொழி. அந்த மொழிக்குள் கடையும் கம்பியும் முருங்கையும் அம்மாவும் அக்காவும் மாமாவும் இருக்கிறார்கள் என்று ஒருவர் எடுத்துக் காட்டும்போது, வகுப்பில் இருந்த ஆட்களின் வாய் திறந்ததை நான் பார்த்தேன். பட்ட பாடு அதனால் மறைந்துவிடாது, மறையவும் தேவையில்லை. ஆனால் பேசத் தொடங்க முடிகிறது.

யாருக்கு இது சரிவரும் என்றால், கடை, லொறி, பஸ், ஆஸ்பத்திரி, கந்தோர் என்று சிங்களம் காதில் விழுகிற வேலையில் இருக்கிறவர்களுக்கு. ஒரு வசனமும் தெரியாமல் வரலாம். அரச உத்தியோகத்துக்கு இரண்டாம் மொழிப் பரீட்சை எழுதப் போகிறவர்களுக்கு இது மட்டும் போதாது, எழுத்தும் எழுத்துச் சிங்களமும் தனியாகப் படிக்க வேண்டும். ஏற்கெனவே ஓரளவு கதைக்கிறவர்கள் முதல் இரண்டு மாதத்தையும் விட்டுவிட்டு, பொருள் மாறிய சொற்கள் நடக்கிற வகுப்புக்கு மட்டும் கேட்டு வரலாம், அதற்குச் சம்மதிக்கிறார்.

இங்கே வேலைக்கு வந்திருக்கிற சிங்கள உத்தியோகத்தர்களுக்கு இதே பட்டியலைத் திருப்பி வைத்துத் தமிழ் படிப்பிக்கிற வகுப்பு ஒன்றும் தொடங்க ரீச்சர் விரும்புகிறார், ஆள் சேர்ந்தால் நடக்கும். தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லிவிடுங்கள், எனக்கு அந்த வகுப்பு நடக்க வேண்டும் என்று மிகவும் ஆசை. 'அவசரம்' என்ற சொல்லில் அவர்கள் செய்கிற பிழையும் எங்கள் பிழைதான், திசை மட்டும் மறுபக்கம்.

புதிய ஆட்களை மாதத் தொடக்கத்தில் சேர்க்கிறார்கள், முதல் வகுப்புக்குக் காசு இல்லை, இருந்து பார்த்துவிட்டு முடிவு எடுக்கலாம். வகுப்பு ஆறு மணிக்கு முடியும் என்பார்கள், பெரும்பாலும் பிந்தும். தருமபுரம், புதுக்குடியிருப்புப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் முன்கூட்டியே ரீச்சரிடம் சொல்லி வைத்தால் நேரத்துக்கு விட்டுவிடுவார்.